எடுத்தால் தேயும், எடுக்காவிட்டால் பூக்கும்

கண்ணு,

உன் கைக்கு ஒரு பழைய ஜூம் லென்ஸ் வந்திருப்பதாக உன் அப்பா சொன்னான். நிக்கான் 80-200, எஃப் 4.5. என்னிடம் இருப்பதும் அதே இனம்தான். படம் எடுக்கச் சொல்லித்தர இன்று ஆள் நிறைய இருக்கிறது. ஒரு பொருளை வாங்கி, அதோடு கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, பழுது பார்த்து, தலைமுடி நரைக்கும் வரை வைத்திருப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆள் கம்மி. நான் வேதாரண்யத்தில் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன். உப்பளத்துக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. கண்ணாடியையும் சும்மா விடாது. இந்த ஊரில் என் லென்ஸ் இன்னும் வேலை செய்கிறது என்பதைத் தவிர, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒரே மூச்சில் படிக்காதே. லென்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படி.

1. முதலில் அதன் வயதைத் தெரிந்துகொள். 35 மி.மீ. கேமராவுக்கென்று நிக்கான் 1959இல் ஒரு நீள ஜூம் லென்ஸ் செய்தது, 85-250. பெரிய உருப்படி அது. பத்து வருடம் கழித்து, 1969இல் வந்த 80-200தான் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து திரிகிறவர்களுக்குத் தோதாக இருந்தது. பத்துத் தொகுதிகளில் 15 கண்ணாடிகள், எடை ஏறக்குறைய 830 கிராம். 1977இல் அதை மாற்றிச் செய்தார்கள். ஒன்பது தொகுதி, 12 கண்ணாடி, எடையும் சற்றுக் குறைவு. இந்த 1977 என்கிற வருடத்தை மனதில் வை. அதற்கு முந்தைய லென்ஸைப் பிந்தைய கேமராக்கள் பலவற்றில் அப்படியே மாட்டினால், கேமராவின் வாயைச் சுற்றி இருக்கிற சின்ன நாக்கு வளைந்துபோகும், இல்லாவிட்டால் முறிந்துபோகும். அபெர்ச்சர் வளையத்தைப் பார். எண்கள் இரண்டு வரிசையாக, ஒன்று பெரிதும் ஒன்று பொடியுமாக இருந்தால் பயமில்லை. ஒரே வரிசை என்றால் நிறுத்து, விசாரி, பிறகு மாட்டு. வாங்கி வந்த அன்றைக்கே மாட்டிப் பார்க்கத் துடிக்கிற கையை ஒரு ராத்திரி கட்டிப்போடத் தெரியாதவன் பழைய பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது. என் ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு கல்லூரிப் பையன் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்டிவிட்டான். சின்னதாக ஒரு சத்தம்தான் கேட்டது. அவன் அண்ணன் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த கேமரா அது.

2. உள்ளே டார்ச் அடித்துப் பார். அபெர்ச்சரை முழுதும் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டு, முன்பக்கத்தில் கண்ணை வை. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். அத்தனை தூசு தெரியும். தூசைப் பற்றிக் கவலைப்படாதே, அது படத்தில் வராது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தாலும் அவ்வளவு கெடுதல் இல்லை. பின்கண்ணாடிக் கீறல்தான் பொல்லாதது. நூல்நூலாகக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூசணம். வெள்ளையாக மூட்டம் போட்டிருந்தால் உள்ளே இருக்கிற மசகு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கலாம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பார். பின்னால் இருக்கிற நெம்பியை விரலால் தள்ளிவிட்டால் இதழ்கள் டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாக ஊர்ந்தால், படம் எடுக்கிற நேரத்தில் வெளிச்சக் கணக்கு தப்பும். பார்த்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவை. குறை தெரிந்து வைத்துக்கொள்வது வேறு, குறையே இல்லை என்று நம்பி வைத்துக்கொள்வது வேறு. இரண்டாவது ரகம் ஆட்கள் ஆறு மாதத்தில் விற்றுவிடுவார்கள்.

3. எடுத்துப் புழங்கு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள். என் லென்ஸ் முதலில் என் மாமாவுடையது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். 1985இல் அது தீப்பிடித்து அந்தப் பயணி ஓட்டமே நின்றுபோனது, அதற்கு முந்தைய கதை இது. மாமா சிங்கப்பூரிலிருந்து அந்தக் கப்பலில் இந்த லென்ஸை வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்கு வெளிநாட்டுச் சாமானுக்கு இருந்த வரியும் கெடுபிடியும் உனக்குத் தெரியாது. ஒரு லென்ஸ் என்பது ஒரு சொத்து. சொத்து என்பதால் மாமா அதைத் தோல் உறையில் போட்டு, அந்துருண்டை வைத்து, பீரோவில் புடவைகளுக்கு நடுவே பூட்டினார். பொங்கலுக்கு எடுப்பார், ஒரு கல்யாணத்துக்கு எடுப்பார், மறுபடி பூட்டிவிடுவார். யார் கையிலும் கொடுக்கமாட்டார். அவர் காலத்துக்குப் பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தபோது உள்ளே பூசணம் கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. இருட்டு, ஈரம், அசையாத காற்று இந்த மூன்றும் போதும் அதற்கு. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அது பத்திரமான இடமே இல்லை. பூசணத்தைச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் அது வளரும்போது கக்குகிற அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பு ஒரு கண்ணாடியில் இன்னும் இருக்கிறது. மாமா அந்த லென்ஸைத் தன் பிள்ளைகளைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார் என்று அத்தை சொல்வாள். கவனம் இருந்தது, புழக்கம் இல்லை. எடுத்தால் தேயும், எடுக்காவிட்டால் பூக்கும். தேய்மானத்தைத் தேர்ந்தெடு. வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை வெளியே எடு. ஜூம் வளையத்தை முன்னும் பின்னும் தள்ளு, ஃபோகஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பு, அபெர்ச்சரை எல்லா எண்ணுக்கும் ஓட்டு. காலை வெளிச்சம் படுகிற இடத்தில் கொஞ்ச நேரம் வை. ஆனால் மூடியில்லாமல் சன்னலில் வைத்துவிட்டுப் போகாதே. லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியில் தீ வைத்துவிடும்.

4. வைக்கிற இடத்தை யோசித்து வை. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் லென்ஸுக்குச் சுகம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரத்தில் அது கனவு. அதற்கென்று கரண்டில் ஓடுகிற அலமாரிகள் விற்கிறார்கள். வசதி இருந்தால் வாங்கு, ஆனால் அதையே நம்பியிருக்காதே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகளோடு கரண்டு கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. கரண்டு இல்லாத அலமாரி வெறும் இருட்டுப் பெட்டிதான். என் லென்ஸைக் காப்பாற்றியது சமையலறையில் பருப்பு போட்டு வைக்கிற, ரப்பர் ஓரம் வைத்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இரண்டு பை சிலிகா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. அவ்வளவுதான். ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். தனியாக ஒரு பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். நீல மணி வாங்காதே, அதில் இருக்கிற கோபால்ட் உடம்புக்கு ஆகாது. எந்த நிறமானாலும் சோற்றுச் சட்டியில் வறுக்காதே. டப்பாவை மூடிவைத்துவிட்டு மறந்துபோகிறவனுக்கு டப்பாவும் பீரோதான். மூன்றாவதைத் திரும்பப் படி.

5. துடைக்கிற பழக்கத்தைக் குறைத்துக்கொள். புதிதாக வாங்கியவர்கள் கண்ணாடியை நாளுக்கு நாலு தரம் துடைப்பார்கள். அன்புதான், ஆனால் கண்ணாடி தேய்வது நம்மால். முதலில் காற்றடிக்கிற ரப்பர் குமிழ், அடுத்து மெல்லிய பிரஷ், இரண்டுக்கும் போகாத கறைக்கு மட்டும் துணி. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். வேட்டி நுனி, துப்பட்டா நுனி, சட்டைக் கை எதுவும் லென்ஸ் துணி ஆகாது. கடற்கரைக்குப் போய்வந்த மணல் ஒரு துகள் அதில் இருந்தால் போதும், நீ துடைக்கவில்லை, உரசுகிறாய். உப்புக்காற்றில் நின்றுவிட்டு வந்தால் உலோக உடம்பை லேசாக நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடை. உப்பு காய்ந்து உட்கார்ந்தால் வளையங்களின் இடுக்கில் இறங்கும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதே. வெளிக்காற்றின் சூடு பைக்குள் மெதுவாக ஏறட்டும். நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரம் போதும். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். முன்கண்ணாடியைத் துடைக்கலாம், உள்கண்ணாடியை யார் துடைப்பது?

6. அது மெதுவான லென்ஸ், நீ அதன் வேகத்துக்கு இறங்கிவா. எஃப் 4.5 என்பது சாயங்கால வெளிச்சத்தில் கஞ்சம்தான். நாங்கள் எடுத்தது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் செய்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளில், சில சமயம் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ‘ஆர்வோ’வில். உன் கேமராவைப் போல ஐ.எஸ்.ஓ.வை விரலால் ஏற்றிக்கொள்கிற வசதி கிடையாது. ஒரு சுருளுக்கு 36 படம், ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால் உடம்பைப் பழக்கினோம். 200இல் எடுக்கிறாய் என்றால் ஷட்டர் 1/250க்குக் கீழே இறங்காதே. சின்ன சென்ஸார் கேமரா என்றால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு 300 போலத் தெரியும், ஆட்டமும் அந்த அளவுக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் ஏற்று. இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடு, முழங்கை விலாவோடு ஒட்டட்டும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்து. இந்த லென்ஸில் டிரைபாடுக்குத் தனி வளையம் கிடையாது. கேமராவைப் பிடித்துத் தூக்கினால் லென்ஸின் பாரம் மொத்தமும் கேமரா வாயில் தொங்கும். எப்போதும் லென்ஸைப் பிடித்துத் தூக்கு. உன் புதுக் கேமராவில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால், பழைய லென்ஸின் நீளத்தை நீயேதான் மெனுவில் எண்ணாகச் சொல்ல வேண்டும். 200 என்று சொல்லிவிட்டு 80இல் எடுத்தால் அது தேவைக்கு மேல் திருத்தி, படத்தைக் கெடுக்கும்.

இந்த லென்ஸுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. 200இல் வைத்து, அபெர்ச்சரைத் திறந்து, ஆளின் கண்மணிக்கு ஃபோகஸ் செய். பிறகு 80க்கு வந்தாலும் ஃபோகஸ் அப்படியே நிற்கும். இன்றைய ஜூம்கள் பலவற்றில் இது இல்லை. தொல்லை என்னவென்றால் இரண்டு வேலைக்கும் ஒரே வளையம்: தள்ளினால் ஜூம், திருகினால் ஃபோகஸ். தள்ளும்போது மணிக்கட்டு இம்மி திரும்பினாலும் போச்சு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, படமே எடுக்காமல், திருகாமல் தள்ளிப் பழகு. கை அதைக் கற்றுக்கொண்ட பிறகு நீ மறந்தாலும் கை மறக்காது.

7. அதன் குறைகளோடு சண்டை போடாதே. கீழே பார்த்துப் பிடித்தால் ஜூம் வளையம் தானே வழுக்கும். வயசாகி உள்ளே உராய்வு குறைந்துவிட்டது, வேறொன்றுமில்லை. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை வளையத்துக்கும் உடம்புக்கும் சேர்த்து மாட்டு. சூரியனை எதிரே வைத்தால் படம் வெளுக்கும். பத்துத் தொகுதிக்கு இருபது பரப்பு. ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால் வெளுக்காமல் என்ன செய்யும்? 52 மி.மீ. வாய்க்கு ஒரு உலோக ஹூட் வாங்கி மாட்டி, வெயிலுக்குத் தோளைக் கொடுத்து நில்.

8. திருகாணியைத் தொடுமுன் பத்து எண்ணு. ஜப்பானியத் திருகாணியின் சிலுவைப் பள்ளம் நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஸ்க்ரூ டிரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். அழுத்தித் திருகினால் தலை நசுங்கும், அதன் பிறகு அதை யாராலும் கழற்ற முடியாது. ஜே.ஐ.எஸ். அளவு என்று கேட்டு வாங்கு. ஃபோகஸ் திருகுபுரியைக் கழற்றுகிறவன் அது எந்த இடத்தில் பிரிந்தது என்று இரு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளாவிட்டால், திரும்ப மாட்டும்போது வேறு புரியில் ஏறும். தூரத்து மலை என்றைக்கும் தெளியாது. ஒரு பெரிய ஊரில் ஒரு மெக்கானிக் என் லென்ஸை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார், “இதுக்கு இவ்வளவுதான் வரும் சார், பழசு” என்று சொல்லி. வேறொருவர் கையில் அது சரியானது. அந்த இரண்டாம் மனிதர் வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் என்னென்ன கழற்றுவேன், எந்த வரிசையில் வைப்பேன் என்று படம் போட்டுக் காட்டினார். பழுது பார்க்கக் கொடுக்கும்போது கடையைப் பார்க்காதே, மேசையைப் பார். திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் கொட்டிவைக்கிறவரிடம் கொடுக்காதே. பழசு என்பதைப் பதிலாகச் சொல்கிறவரிடமும் கொடுக்காதே.

9. தூரத்திலிருந்து எடுக்க முடியும் என்பதால் தூரத்திலிருந்து எடுத்துவிடாதே. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன் என்று வைத்துக்கொள்.

நீள லென்ஸ் கையில் வந்ததும் ஒரு சுகம் வரும். ஆளுக்குத் தெரியாமல் ஆளின் முகம் உனக்குக் கிடைக்கும். சந்தையில், கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில். யாரும் முறைக்கமாட்டார்கள், யாரும் சிரித்துப் போஸ் கொடுக்கமாட்டார்கள். இயல்பான படம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியிலிருந்து தப்பித்த சுகம் அது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சுனாமி கொண்டுபோனது. அக்கரைப்பேட்டைப் பக்கம் நான் போனபோது வெளியூர்க்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள், அவரவர் தோளில் நீள லென்ஸ். ஒரு திட்டின் மேல் நின்றுகொண்டு, கீழே உடைந்த படகுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தத் திட்டில்தான் நின்றேன். படகுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். 200இல் அவர் முகம் சட்டம் முழுக்க நிறைந்தது. அவர் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். கையை அசைத்துக் கூப்பிட்டார். இறங்கிப் போனேன். “கிட்ட வந்து எடு தம்பி. எட்ட நின்னு ஏன் திருட்டுத்தனமா எடுக்குற?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பேத்தியின் பெயரைச் சொன்னார். அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேமரா மடியில் கிடந்தது. கடைசியில் அவரே, “எடு” என்றார்.

இந்த லென்ஸ் 1.8 மீட்டருக்கு உள்ளே பார்க்காது. ஏறக்குறைய ஆறு அடி. ஆறு அடி என்பது இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்கிற தூரம். 80இல் வைத்து அந்தத் தூரத்திலிருந்து எடுத்தேன். மேலே நின்று எடுத்த படங்களில் அவர் சோகமாக இருக்கிறார். கிட்டே எடுத்ததில் அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கும். அவர் குடும்பத்தார் பிரதி கேட்டு வந்தபோது இரண்டாவதைத்தான் எடுத்துப்போனார்கள்.

அதனால் நீ எப்போதும் ஒளிந்து எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர் ஓடும்போது வடம் பிடிக்கிற ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க முடியாது. ஆனால் ஒரு முகம் சட்டத்தை நிறைக்கிறது என்றால், எடுத்த பிறகாவது இறங்கிப் போ. படத்தைக் காட்டு. வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழி. அழிக்கிற வசதி எங்களுக்கு இல்லை, உனக்கு இருக்கிறது. அழுகிறவர்கள், குளிக்கிறவர்கள், தூங்குகிறவர்கள், குழந்தைகள் என்றால் முன்பே கேள். கேட்டால் படம் போய்விடும் என்று தோன்றினால், போகட்டும். எனக்கும் அப்படிப் போன படங்கள் உண்டு. எதுவும் ஞாபகத்தில் இல்லை.

10. பறவைக்கு 200 போதாது. அதை ஒப்புக்கொள். கோடியக்கரையில் கார்த்திகை, மார்கழியில் பூநாரைகள் வரும்போது என்னைப் பார்க்க வருகிற இளைஞர்கள் எல்லோரும் ஒரே புலம்பல்: பறவை சின்னதாகத் தெரிகிறது. சின்னதாகத்தான் தெரியும். அந்தத் தண்ணீர் பெரிது, வானம் அதைவிடப் பெரிது. பறவையைப் பெரிதாக்க வேண்டும் என்று சேற்றில் இறங்கி நடந்தால் கூட்டம் மொத்தமும் எழும்பும். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடுகிற நேரத்தில் உன் ஒரு படத்துக்காக அவற்றைப் பறக்கவிடாதே. கூட்டுக்குப் பக்கத்தில் போகவே போகாதே. நீ போன வழியைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிமானும் அப்படித்தான். உட்கார்ந்துவிடு. நீ அசையாமல் இருந்தால் அது தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு வரும், சில நாள் வராமலும் போகும்.

சென்னையில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைத் தேடிப் பார். பல கேமராக்களின் உறுப்புகளைத் தானே சேர்த்துப் பொருத்திய ஒரு கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்து, அதைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்தார். அவருக்கு மிருகத்தின் போக்கு தெரியும். எங்கே தண்ணீர், எப்போது நிழல், காற்று எந்தப் பக்கம். உனக்குத் தேவைப்படுவது இன்னொரு 200 மில்லிமீட்டர் என்று நீ நினைக்கிறாய். எனக்கென்னவோ இன்னொரு 200 காலைப்பொழுதுதான் என்று படுகிறது.

11. அடுத்தவன் லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், மனதில் வாங்கிக்கொண்டு வராதே. உன் நண்பனின் புது லென்ஸ் உன்னுடையதைவிடக் கூர்மையாகத்தான் எடுக்கும். அது உண்மை, மறுத்துப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. பழையதுதான் ஒசத்தி என்று மேடை போட்டுப் பேசுகிற கிழவர்களோடும் சேராதே. வேலைக்குப் புதியது வேண்டும் என்றால் வாங்கு. கல்யாண ஆர்டருக்கு நானே கடைசிக் காலத்தில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் வைத்திருந்தேன். வாங்குகிறவன் ஒரு நாள் விலை கொடுக்கிறான், வைத்திருக்கிறவன் தினமும் கொடுக்கிறான். அந்தத் தினக் காசு உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

12. இரவல் கொடு, பார்த்துக் கொடு. மாமாவைப் போலப் பூட்டிவைக்கவும் வேண்டாம், கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். கேட்கிறவன் என்ன எடுக்கப் போகிறான் என்று விசாரி. சொல்லத் தெரிந்தவனுக்குக் கொடு. கொடுக்கும்போது வழுக்கும் வளையத்தையும் வாயின் நாக்கையும் பற்றிச் சொல்லிக் கொடு. திரும்பி வரும்போது புதிதாக ஒரு கீறல் இருந்தால், ஏதும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள். கீறலைச் சொல்லாமல் மறைத்தவனுக்கு அடுத்த தடவை கொடுக்காதே. தானே சொன்னவனுக்குக் கட்டாயம் கொடு.

13. அந்த நோட்டைத் தொடர்ந்து எழுது. எந்த வருடம் பூசணம் எடுத்தது, யார் எடுத்தார், எந்தத் திருகாணி ஒரிஜினல் இல்லை, எந்த எண்ணில் அபெர்ச்சர் கொஞ்சம் ஒட்டுகிறது, எந்த வெளிச்சத்தில் வெளுக்கிறது, எல்லாம். என் நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இரண்டும் ஒரே இனம் என்பதால் பாதிக்கு மேல் உனக்கு உதவும். நடுவில் சில பக்கங்களில் மளிகைக் கணக்கு இருக்கும், அதைத் தாண்டிப் போ. கடைசிப் பத்துப் பக்கம் காலியாக இருக்கிறது, உன் லென்ஸைப் பற்றி அங்கேயே எழுத ஆரம்பி. தை பிறந்ததும் இங்கே வா. இரண்டு லென்ஸையும் மேசைமேல் வைத்து டார்ச் அடித்துப் பார்ப்போம். வரும்போது ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ டிரைவர், மிகச் சின்ன அளவு, கிடைத்தால் ஒன்று எனக்கும் வாங்கி வா. என்னுடையதை எவனோ இரவல் வாங்கிப் போனவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் பெரியப்பா